ஒப்புக்கொண்ட மதிப்பு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் எண்ணைப் பார்த்தால் நீ போனை எடுக்கமாட்டாய். கடிதமென்றால் பிரித்த பிறகுதானே யாருடையது என்று தெரியும், அந்தத் தைரியத்தில்தான் தபாலில் அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்கு மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

உன் அத்தானுக்கு அக்டோபரில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. அப்போதே ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்காதே. சொல்லி நீ வந்திருந்தால், உன்னைப் பார்த்து அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். சொல்லியும் நீ வராமலிருந்தால் எனக்கு ஏறியிருக்கும். ஆறு வருடத்துக் கோபம் யாருக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பழைய பச்சைக் கார் இன்னும் பின் தெருவில் அந்த வாடகை ஷெட்டில்தான் நிற்கிறது. ஷெட்காரர் இடத்தை விற்றுவிட்டார். ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்யச் சொல்கிறார். நகரத்தின் அந்தக் கோடியில் பழைய வண்டிகளை வைத்துப் பாதுகாக்கும் கிடங்கு ஒன்று இருக்கிறது. சரியான மதிப்புக்கு இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்களாம்.

நம்முடைய பாலிசியை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, "இது அறுபது வருஷத்து வண்டிம்மா. வருஷம் ஏற ஏற விலை இறங்கும். எங்க கணக்குல இது எப்பவோ தரைதட்டிடுச்சு" என்றார். வண்டி மொத்தமாக எரிந்துபோனால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்குப் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கலாம், மணி இல்லாமல்.

ஓட்டல் பின்கட்டில் செடி முளைத்துக் கிடந்த தகரத்தை, லிஃப்ட் ரிப்பேருக்குப் போன உன் அத்தான் கண்டெடுத்து, பத்தொன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி ஓடவைத்தார். அதற்குச் சைக்கிள் விலை.

நீ இன்சூரன்ஸ் சர்வேயர். வண்டிக்கு விலை சொல்வது உன் தொழில். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. எனக்காக வேண்டாம், பேச முடியாத ஒருவருக்காக.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானைப் பற்றிப் படித்தேன். மூன்று முறை படித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

வண்டி விஷயத்துக்குப் பதில் எழுத முடியும். நான் மதிப்பிட முடியாது. உறவினர் எழுதிய அறிக்கையை எந்த நிறுவனமும் ஏற்காது, ஏற்றாலும் நாளை ஏதாவது நடந்தால் அந்தக் காரணத்தைக் காட்டியே பணத்தை மறுக்கலாம். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

சாதாரண பாலிசியில் வயதுக்குத் தகுந்தபடி தேய்மானம் கழித்து விலை போடுவார்கள். தினமும் ஆபீசுக்குப் போய்வரும் காருக்கு அது நியாயம். அத்தானுடைய வண்டி மாதிரி அபூர்வமானவற்றுக்குப் பொருந்தாது. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று ஒரு வகைப் பாலிசி இருக்கிறது. வண்டியின் விலை இவ்வளவு என்று நாமும் நிறுவனமும் முன்கூட்டியே பேசிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. நாளை வண்டி அழிந்தால் பேரம் இல்லை, அந்தத் தொகை அப்படியே வரும். அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

அதற்கு வெளியாள் ஒருவரின் மதிப்பீடு தேவை. உங்கள் நகரத்தில் என்னோடு பயிற்சி பெற்ற ஒரு பெண் சர்வேயர் இருக்கிறார். நாங்கள் அவரை 'டார்ச்' என்றுதான் கூப்பிடுவோம், எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருப்பார். நேர்மையானவர். அவரிடம் பேசியிருக்கிறேன், மார்ச் நடுவில் வருவார்.

அதற்குமுன் இவற்றைத் தயார் செய்யுங்கள்: நாலு பக்கமும், உள்ளேயும், அடியிலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள். செலவு ரசீதுகள். அத்தானின் வேலைக் குறிப்பு நோட்டு. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு.

அச்சுகளின் நகலை எனக்கும் அனுப்புங்கள். முடிந்தால் டார்ச் வருவதற்கு முன்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் பதில் போட்டாயே, அது போதும். கடிதத்தை உன் அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். நீ எழுதியது என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் காதைத் திருப்பவில்லை.

நீ கேட்டதெல்லாம் இத்துடன் இருக்கிறது. எப்படி எடுத்தேன் என்று மட்டும் கேட்டுக்கொள். அறுபத்து மூன்று வயதில், ஷெட் தரையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்து, அதில் மல்லாக்கப் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனேன். வாயில் டார்ச் லைட். ஒரு கையில் தாள், ஒரு கையில் பென்சில். வெளியே சக்கர நாற்காலியில் உன் அத்தான். அவர் இடது கையை ஆட்டி வழி சொல்ல, பக்கத்தில் நின்ற பெயின்டர் அதை மொழிபெயர்த்தார். "இன்னும் உள்ள போங்கக்கா. கொஞ்சம் இடப்பக்கம். உங்க இடப்பக்கம் இல்ல, வண்டியோட இடப்பக்கம்." இந்த வண்டிக்கு நாலு தடவை பச்சை அடித்தவர் அந்தப் பெயின்டர்தான். ஐந்தாவது தடவை அடிக்கச் சொல்லும் முன் உன் அத்தான் விழுந்துவிட்டார் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

குறிப்பு நோட்டு பதினொன்று இருந்தன, மிக்ஸி வந்த பெட்டியில். நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. 'இடது கதவுக் கைப்பிடித் திருகு, இரண்டு. ஏழு மாதம் தேடியது.' 'ஹாரன் ஒலி இன்னும் சளி பிடித்த மாதிரி இருக்கிறது.' இப்படியே போகிறது. வாய் இருந்தபோதும் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, இன்ஜினுக்கு மட்டும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நானே சாட்சி. உனக்கு ஞாபகமிருக்கும், முதலில் அதில் ஏதோ வேன் இன்ஜின்தான் போட்டிருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால், நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம், பழைய சாமான் வியாபாரி ஒருவன் இந்த வண்டியோடு பிறந்த இன்ஜினே தன்னிடம் இருக்கிறது என்றான். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் நம்பரே அதிலும் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு இவர் வேண்டாம் என்றார். நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்தான் என் ஓய்வுப் பணத்தை எடுத்துக் கையில் வைத்து, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். அந்த வண்டியில் என் பங்கு அதுதான். யாராவது பானெட்டைத் திறந்து பார்த்தால் எனக்குள் ஒரு பெருமை வரும், நான் பெற்ற பிள்ளை மாதிரி.

இன்ஜின் நம்பரை அச்சு எடுத்ததும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் இடது கையால் நாற்காலிக் கைப்பிடியை அடி அடியென்று அடித்தார். இத்தனை மாதத்தில் அவ்வளவு வேகம் நான் பார்த்ததில்லை. சந்தோஷம் போலிருக்கிறது.

அக்கா


மார்ச் 11

அக்கா,

சரி, 'நீ'.

படங்கள் நன்றாக இருக்கின்றன. வண்டிக்கு அடியில் நீ படுத்ததைப் பெயின்டர் படம் எடுத்திருந்தால் அதையும் அனுப்பியிருக்கலாம்.

இன்ஜினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு சேர்ந்து வந்த இன்ஜின் என்றால் ஒரு விலை. வேறு இன்ஜின் என்றால் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். நம்மிடம் ரசீது இல்லை, விற்றவனும் இல்லை. நீ அனுப்பிய அச்சும் தெளிவாக இல்லை. அதனால் டார்ச் வந்ததும், 'இன்ஜின் பற்றி உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதச் சொல்லிவிடு. குறைந்த மதிப்பையே கேள். கிடங்குக்கு அது போதும். நமக்கு வேண்டியது வண்டி பத்திரமாக ஒரு கூரைக்குக் கீழ் நிற்பது, அவ்வளவுதானே?

டார்ச் நம்பரைப் பார்க்கும்போது நீயும் அத்தானும் அங்கே நிற்க வேண்டாம். ஷெட்டில் புழுதி அதிகம், அவருக்கு ஆகாது. பெயின்டர் காட்டட்டும்.

நான் சொல்கிற மாதிரி செய், அக்கா. இந்த ஒரு தடவை.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

அச்சு தெளிவாக இல்லையா? ஒவ்வொரு எண்ணையும் கண்ணாடி போடாமலே என்னால் படிக்க முடிந்தது. உன் கடிதத்தைப் படித்ததும், இவனுக்கு இன்னும் அத்தான்மேல் ஆத்திரம் தீரவில்லை, விலையைக் குறைத்துப் பழிதீர்க்கிறான் என்று நினைத்தேன். அதனாலேயே நான் ஷெட்டை விட்டு நகரவில்லை. அவரையும் தள்ளிக்கொண்டு போனேன்.

டார்ச் நேற்று வந்தாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது. வந்ததும் கம்மலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காந்தம் வைத்துப் பார்த்தாள், பெயின்ட் கனத்தை ஒரு கருவியால் அளந்தாள். "இவ்வளவு பொறுமையான வேலையை நான் பார்த்ததே இல்லைங்கய்யா" என்று அவரிடமே சொன்னாள். அவர் வாயோரம் லேசாக இழுபட்டது.

அப்புறம் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு என் விரலைப் பிடித்து நம்பர் இருந்த இடத்தில் வைத்தாள்.

"இங்க தடவிப் பாருங்கம்மா. பள்ளமா இருக்கா?"

"ஆமா."

"பழைய நம்பரைத் தேய்ச்சு எடுத்துட்டு, அதுமேல இந்த நம்பரை அடிச்சிருக்காங்க. இது இந்த வண்டியோட இன்ஜின் இல்ல. வேற ஏதோ வருஷத்து இன்ஜின்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெயில் கூசினால் மூடுவது மாதிரி இல்லை.

டார்ச் போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்க தம்பி முன்னாடியே சொல்லியிருப்பார்னு நினைச்சேம்மா." தான் பார்த்ததைத்தான் எழுத முடியுமாம். ஏமாந்து வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதுவாளாம். மூன்றில் ஒரு பங்கு மதிப்புக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ளும், ஆனால் 'இன்ஜின் அசல் அல்ல என்பதை அறிவேன்' என்று உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உனக்கு எப்போது தெரியும்? அச்சைப் பார்த்த பிறகா, அதற்கு முன்பா? நேராகப் பதில் சொல்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

முன்பே தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். தினமும் யாராவது சொல்வதில் எது உண்மை, எது இல்லை என்று எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். இதை எழுத வரவில்லை.

கடைசியாக நான் வந்திருந்தபோது, ஒரு சாயங்காலம் அத்தான் இன்ஜினைக் காட்ட ஷெட்டுக்குக் கூப்பிட்டார். ஆசையாகக் கூப்பிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றுகிறது. நான் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டேன். "அத்தான், உங்களை ஏமாத்திட்டாங்க" என்றேன். அவர் அதிரவில்லை. "தெரியும்" என்றார்.

வாங்கி வந்த இரண்டாவது வாரமே தெரியுமாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும்போது அந்தப் பள்ளம் கையில் பட்டதாம். வியாபாரியைத் தேடிப் போனால் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்ததாம். இரண்டு வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாதே. அவ முப்பது வருஷம் நின்னு சம்பாதிச்ச பணம். வர்றவங்ககிட்டயெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டுறா. அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

நான் விடவில்லை. இளம் ரத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, எனக்கு அப்போது நாற்பத்தைந்து. ஏமாந்தது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு, நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று குரலை உயர்த்தினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீ காபித் தம்ளரோடு ஷெட்டுக்கு வந்தாய். "என்னடா சண்டை?" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வாழ்நாள் பூரா தகரத்தைத் தேய்ச்சிட்டு உட்கார்ந்திருக்காரு, உன்னையும் சேர்த்துத் தேய்ச்சிட்டாரு" என்றேன். அவர் "வெளியே போ" என்றார். அது நிஜமான கோபம்தான். நான் சொன்ன பொய்யில் பாதி உண்மை இருந்தது அவருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் நீ போன் செய்யும்போதெல்லாம் எடுக்க எனக்குப் பயம். எடுத்தால் சொல்லிவிடுவேன். எடுக்காமலிருந்து எடுக்காமலிருந்து, அதுவே பழகிவிட்டது.

உன் கோபம் முழுவதையும் என்மேலேயே வைத்துக்கொள். அவரிடம் காட்டாதே. பதில் சொல்லவும் அவரால் முடியாது.

தம்பி


ஏப்ரல் 10

ஒல்லி,

இந்தப் பேரை எழுதி எவ்வளவு நாளாயிற்று. இப்போது நீ ஒல்லியாக இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நாலு நாள் அவரைக் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன், முதுகைத் திருப்பிப் போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாதவரோடு பேசாமலிருப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? அவருக்கு வித்தியாசமே தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது. ஐந்தாம் நாள் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறக்கவில்லை.

அப்போது கேட்டேன். "எனக்கு இன்ஜின் விஷயம் தெரியும். தம்பி சொல்லிட்டான். உங்களுக்கு எட்டு வருஷமாத் தெரியுமா?"

அழ ஆரம்பித்தார். தோள் குலுங்க, சத்தம் வராமல், முகமெல்லாம் கோணிக்கொண்டு. நானும் அழுதேன். கையைப் பிடித்துக்கொண்டு, பணம் போனால் போகிறது, என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அரை மணி நேரம் அழுதார். சரி, எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பால்காரர் வாசலில், "அய்யா எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அவரைப் பார்த்தும் அதே மாதிரி அழுதார். அதே தோள், அதே அரை மணி நேரம்.

இந்த வியாதிக்காரர்களில் சிலர் இப்படித்தான் அழுவார்கள். முப்பது வருடம் வார்டில் நின்று எத்தனை மனைவிமார்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், "இந்த அழுகைக்கு அர்த்தம் தேடாதீங்கம்மா, மூளையில நரம்பு பண்ற வேலை" என்று. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் எனக்குப் பொருள் தெரிகிறது. அன்று என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா, இல்லை நரம்பு இழுத்ததா, எனக்கு இனி எப்போதுமே தெரியப்போவதில்லை.

இன்னொன்றும் நடந்தது. டார்ச்சின் அறிக்கையை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. குறைந்த மதிப்புதான், ஆனாலும் அந்த வேலைப்பாட்டுக்கு அவள் நல்ல வார்த்தை எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை ஆபீசிலிருந்து ஒருவர் மைப்பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். கையெழுத்துப் போட முடியாதவர் என்பதால் இடது பெருவிரல் ரேகை போதுமாம். படிவத்தை உரக்கப் படித்தார். 'என் வண்டியின் இன்ஜின் அசல் அல்ல என்பதை அறிவேன்' என்ற வரி வந்ததும் உன் அத்தான் கையை மூடிக்கொண்டார். முஷ்டி.

"அய்யா, விரலைக் கொடுங்க."

கொடுக்கவில்லை. நான் கெஞ்சினேன். வண்டிக்கு வேறு இடமில்லை, இது ஒன்றுதான் வழி என்று சொன்னேன். தலையை அசைக்கவில்லை, கண் கலங்கவில்லை. முஷ்டியைத் தொடையோடு வைத்து அழுத்திக்கொண்டார். வந்தவர் காபி குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார்.

மதிப்புக் குறைவு என்று கோபமா? எழுத்தில் ஒத்துக்கொள்ள வெட்கமா? படிவமே புரியவில்லையா? கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பார்க்கிறார்.

அந்த முஷ்டியைப் பிரிப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. ஊசி போட, மருந்து கொடுக்க எத்தனை முஷ்டியைப் பிரித்த கை இது. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தால் தானாகத் திறக்கும். அவர் தூங்கும்போது என்றால் அதுகூட வேண்டாம். மைப்பெட்டியை ஆபீஸ்காரர் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படிவமும் என்னிடம்தான் இருக்கிறது.

என்ன செய்யட்டும் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

செய்யாதே.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளெய்மில், படுக்கையிலிருந்த மனிதரின் ரேகையை மகன் எடுத்திருந்தான். ரேகை தலைகீழாக இருந்தது. எதிரில் நின்றுகொண்டு அழுத்தினால் அப்படித்தான் விழும். அந்தக் கிளெய்மை மறுத்து எழுதியவன் நான். மகன் கெட்டவன் இல்லை. உன்னைப் போலவே வேறு வழி தெரியாதவன். அவன் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வேறு வழிகளை விசாரித்தேன். அத்தானுக்குப் பதிலாக நீ கையெழுத்திட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், எட்டு மாதம் ஆகும். கிடங்குக்காரரிடம் நானே போனில் பேசினேன். அவருடைய பாலிசியில் இடமில்லையாம், மரியாதையாகத்தான் சொன்னார். டார்ச்சும் பேசிப் பார்த்திருக்கிறார். ஷெட்காரருக்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

உடனே கிளம்பி வர நினைத்தேன். இங்கே வெள்ளம் வடிந்து நானூறு வண்டிகள் சேற்றோடு நிற்கின்றன, மே பதினாறுக்கு முன் லீவு இல்லை என்றுவிட்டார்கள். பதினேழாம் தேதி ரயிலுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இரண்டு நாள் பயணம். வண்டிக்கு அது பிரயோசனப்படாது என்று தெரியும்.

வண்டிகளின் மதிப்பை எழுதியே இருபது வருடம் ஓட்டிவிட்டேன். சொந்த அக்கா கேட்கும்போது என் கையில் ஒன்றுமில்லை.

அத்தானிடம் நான் வருவதைச் சொல். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பரவாயில்லை.

தம்பி


மே 3

ஒல்லி,

நீ சொன்னபடியே ரேகை எடுக்கவில்லை. மைப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெயின்டர் தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, அங்கே கொண்டுவந்து விடுங்கள் என்றார். இன்சூரன்ஸ் எதுவும் அவர் கேட்கவில்லை. முப்பதாம் தேதி காலை, வண்டிகளை ஏற்றிப்போகிற லாரி ஒன்றை அவரே பேசிக் கூட்டிவந்தார். ஷெட்டின் ஒரு பக்கச் சுவரை ஏற்கனவே இடித்துவிட்டார்கள். புல்டோசர்க்காரர் டீ குடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். உன் அத்தானை நாற்காலியோடு எதிர்ப்பக்க மர நிழலில் நிறுத்தியிருந்தேன். வீட்டிலேயே இருங்கள் என்றால் கேட்கவில்லை, செருப்பைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

லாரிக்கு டிரைவர் மட்டும்தான், உதவிக்கு ஆளில்லை. இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும். நிதானமாகத்தான் செய்தார், அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சாய்வுப் பலகை போட்டு, முன்னால் இரும்புக் கயிறு மாட்டி, லாரியின் இழுவை மெஷினால் இழுத்தார். வண்டி முக்கால்வாசி ஏறிவிட்டது. வெயிலில் அந்தப் பச்சை அப்படி மின்னியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்போது கொக்கி நழுவியது.

சத்தம் பெரிதாக இல்லை. வண்டி பின்னாலேயே உருண்டு வந்தது, யாரோ கூப்பிட்டுத் திரும்பி வருகிற மாதிரி. பலகையை விட்டு விலகி, இடித்த சுவரின் கற்குவியலில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பின்பக்கம் முழுவதும் உள்ளே போய்விட்டது. இடது கதவு பிய்ந்து தொங்கியது. கண்ணாடிச் சட்டம் இரண்டாக ஒடிந்தது. அடிபடாதது இன்ஜின் ஒன்றுதான்.

யாருக்கும் காயமில்லை. பெயின்டர் தலையில் கை வைத்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். நான் முதலில் உன் அத்தானிடம் ஓடினேன். நாடி பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. அந்த டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் எங்களிடம் வந்தார். உதடு வெளுத்துவிட்டது. லாரி சொந்த லாரி இல்லை, முதலாளியுடையதாம். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். வார்த்தை கோவையாக வரவில்லை. கடைசியில், "அம்மா, இதுக்கு இன்சூரன்ஸ் இருக்குல்லம்மா?" என்றார்.

"இருக்குப்பா" என்றேன். "முழுசா இருக்கு. நீ கவலைப்படாதே. போய்த் தண்ணி குடி."

அவருக்கு உயிர் திரும்பியது. அப்படியே மண்ணில் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீ இதைப் படித்துவிட்டு, முதலாளியிடம் கேட்டிருக்கலாம், லாரியின் பாலிசியில் வாங்கியிருக்கலாம் என்று சொல்வாய். சொல்லலாம்தான். அந்த நேரத்தில் எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. அந்த முகத்தைப் பார்த்தேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்கிறோம் என்று நினைக்கக்கூட நேரமிருக்கவில்லை.

நிமிர்ந்தபோது உன் அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் விலைக்குமேல் இன்சூரன்ஸ் இல்லை என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அக்கா